வைப்பர் தண்டின் அடியில் ஒரு ரப்பர் வளையம்

வைப்பர் கை எந்தத் தண்டைப் பற்றிக்கொண்டு இடமும் வலமும் அசைகிறதோ, அந்தத் தண்டு காரின் உடல்தகட்டைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. துளை இருக்கும் இடம் பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள தகடு. கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வழிந்து வந்து சேருவதும் அங்கேதான். காரின் உடலில் தண்ணீர் அதிகம் ஓடும் இடத்தில், வேறு வழியில்லாமல் போடப்பட்ட துளை அது. அதை அடைக்கும் பொறுப்பு, தண்டைச் சுற்றித் தகட்டின்மேல் அமர்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையத்துடையது. பட்டறைகளில் அதை வைப்பர் சீல் என்கிறார்கள், சில இடங்களில் வைப்பர் ரப்பர் வாஷர் என்றும் கேட்கலாம். பழைய கார்களில் இவ்வளவு சிறியதும் இவ்வளவு மலிவானதுமான வேறு எந்தப் பாகமும், கெட்டுப்போனால் இவ்வளவு பெரிய செலவை வைப்பதில்லை.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தயாரான சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வைப்பர் அமைப்பைக் கொடுத்தது பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனம். மோரிஸ் மைனர், மினி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், எம்ஜிபி எல்லாமே ஒரே குடும்பத்து அமைப்பைக் கொண்டவை. அவற்றில் எம்ஜிபியை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதால் அதற்கான உதிரிபாகங்கள் தடையின்றிக் கிடைக்கின்றன, அதன் குறைகளும் நன்றாகத் தெரிந்தவை.

இந்த அமைப்பில் வைப்பர் மோட்டார் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். மோட்டாரின் சுழற்சியை ஒரு பற்சக்கரமும் அதன்மேலுள்ள சிறு முளையும் முன்பின் அசைவாக மாற்றுகின்றன. அந்த அசைவை எடுத்துச் செல்வது ஒரு கேபிள். சாதாரண கேபிள் அல்ல. அதன் உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும், அந்தச் சுருளின் இடைவெளிகளே பற்களாக வேலை செய்யும். ரேக் கேபிள் என்று அழைக்கப்படும் இது ஓர் உலோகக் குழாய்க்குள் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடுகிறது. ஒவ்வொரு வைப்பர் கைக்கும் நேர் கீழே அந்தக் குழாய் ஒரு சிறு பெட்டிக்குள் புகுந்து வெளியேறும். வீல்பாக்ஸ் எனப்படும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு பற்சக்கரம் கேபிளின் சுருளோடு கவ்வி நிற்கிறது. கேபிள் முன்னும் பின்னும் போக, பற்சக்கரம் இடமும் வலமும் திரும்பும். அதோடு பிணைந்த தண்டு துத்தநாகக் கலவையில் வார்த்த ஒரு கழுத்துக்குள் சுழன்றபடி, தகட்டுத் துளை வழியாக மேலே வந்து வைப்பர் கையை ஏந்துகிறது. முன்கண்ணாடியின் கீழே மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும் அருமையான ஏற்பாடு இது. வலப்பக்க ஸ்டியரிங்குக்கும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கும் குழாய்களை மாற்றி அமைத்தால் போதும் என்பது தொழிற்சாலைக்கு இதில் கிடைத்த பெரிய வசதி.

வீல்பாக்ஸின் கழுத்துக்கு வெளிப்புறத்தில் மரை உண்டு. தகட்டின் அடியில் ஒரு பூண், தகடு, அதன்மேல் ரப்பர் சீல், சீலின்மேல் குரோம் பூசிய இன்னொரு பூண், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய பெரிய நட்டு என்பது அடுக்கின் வரிசை. தகடு சரிவாக இருக்கும், தண்டோ கண்ணாடிக்குப் பொருத்தமான கோணத்தில் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு பூண்களும் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவத்தில் இருக்கின்றன. மாற்றும்போது கவனம் தேவைப்படும் முதல் இடம் இதுதான். பூணைத் திருப்பி வைத்துவிட்டால் நட்டு இறுகும், பார்வைக்கும் சரியாகவே தோன்றும். ஆனால் ரப்பர் ஒருபக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறந்து நிற்கும்.

எம்ஜிபி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வளையங்கள் இரண்டே என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1968 மாடல் ஆண்டு முதல் கண்ணாடியில் துடைக்கப்பட வேண்டிய பரப்புக்குச் சட்டம் வந்தது. எம்ஜிபியின் திறந்த கூரை வடிவத்தில் கண்ணாடி உயரம் குறைவு. இரண்டு வைப்பர்களால் அந்தப் பரப்பை எட்ட முடியவில்லை. அதனால் அமெரிக்காவுக்குப் போன திறந்த கார்களில் மூன்று வைப்பர்கள் வைத்தார்கள். மூன்று தண்டுகள், மூன்று துளைகள், மூன்று சீல்கள். இன்று பல நாடுகளில் மீட்டெடுக்கப்படும் எம்ஜிபிகளில் கணிசமானவை அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவை என்பதால், சீல் வாங்குமுன் துளைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் உள்ளே போக இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பல பேர் சீலை மாற்றிய பிறகும் ஒழுகுகிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். முதல் வழி, தகட்டுக்கும் பூணுக்கும் நடுவே. இரண்டும் அசையாத பாகங்கள். இங்கே ரப்பரின் வேலை நசுங்கி இருப்பது மட்டுமே. இரண்டாவது வழி, சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி. சில கார்களில் இந்த இடைவெளியைக் காக்கத் தண்டின்மேல் ஒரு சிறு ரப்பர் மூடியோ ஓ வளையமோ உண்டு. லூக்காஸின் பழைய வீல்பாக்ஸ்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் கிரீஸும் இறுக்கமான பொருத்தமும்தான் செய்தன. வைப்பர் கையின் அடிப்பகுதி தொப்பிபோல் மேலே கவிந்திருப்பதால் நேரடி மழை அங்கே விழாது. கிரீஸ் காய்ந்து, தண்டும் கழுத்தும் தேய்ந்த பிறகே அவ்வழியே நீர் இறங்கும். வெளி வளையத்தை மட்டும் மாற்றினால் முதல் வழி மூடும், இரண்டாவது திறந்தே இருக்கும்.

ரப்பர் ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்த ரப்பரை வாங்குவது என்று தீர்மானிக்க முடியாது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அளவில் மிகக் குறைவுதான் என்றாலும், அது இந்தப் பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை வெட்டிவிடும். ரப்பர் தளர்வாக இருந்தால் மேல்தோல் மட்டும் கெட்டு நிற்கும். இழுபட்டோ வளைந்தோ இருந்தால் வெட்டு விரிந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும், ஓசோன் இன்னும் உள்ளே போகும். பழைய சீலின் வெளிவிளிம்பில், இழுவிசைக்குக் குறுக்காக வரிவரியாகத் தெரியும் வெடிப்புகள் இப்படி வந்தவை. வெயிலின் புற ஊதாக் கதிரும் தன் பங்குக்கு மேற்பரப்பைக் காய்ச்சுகிறது. கருப்பு ரப்பருக்கு அந்த நிறத்தைத் தரும் கரித்தூள் புற ஊதாக் கதிரைப் பெருமளவு விழுங்கிவிடும். அழகுக்காகச் சாம்பல் நிறத்திலோ வெள்ளையிலோ வரும் ரப்பர்கள் வெயிலில் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் அந்தப் பாதுகாப்பு இல்லாததே.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் கேடு. அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று. ரப்பர் பல ஆண்டுகள் நசுங்கியே இருந்தால் அந்த நசுங்கிய வடிவமே அதன் இயல்பாகிவிடும். நட்டைக் கழற்றினால் புது வளையம் பழைய தடிமனுக்கு மீளும். பழையது தட்டையாகவே கிடக்கும். சீல் என்பது தண்ணீரைத் தடுப்பது அது அங்கே இருப்பதால் அல்ல, தகட்டையும் பூணையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால். அந்தத் தள்ளும் விசை போன பிறகு, ஒரு வெடிப்புகூட இல்லாத, பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் வளையமும் ஒழுகும். இந்தக் கார்களை வரைந்தவர்கள் அவை அறுபது ஆண்டுகள் ஓடும் என்று எண்ணி வரையவில்லை. அந்த வளையத்துக்கு அவ்வளவு ஆயுள் கொடுக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே ஒழுகத் தொடங்கியதும் மாற்றுவது என்ற வழக்கமே தவறு. வயதைப் பார்த்து மாற்ற வேண்டிய பாகம் இது.

ஒழுகத் தொடங்கியது தெரியவருவதற்கு நாள் ஆகும் என்பதுதான் இதிலுள்ள பெரிய தீங்கு. துளை வழியே இறங்கும் துளி நேராகக் கீழே விழுவதில்லை. வீல்பாக்ஸின் மேல் வழிந்து, கேபிள் குழாயின் நெடுக ஓடி, ஏதாவது ஒரு வளைவில் தயங்கி, அங்கிருக்கும் வயர்க் கட்டின்மேல் சொட்டும். அதிலிருந்து டேஷ்போர்டின் பின்பக்கத்து அட்டைக்கும், கடைசியில் கால் வைக்கும் இடத்துக்கும் போய்ச் சேரும். தரைவிரிப்பின் அடியில் ஒலியை அடக்கப் போட்டிருக்கும் ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரிப்பின் மேல்பக்கம் காய்ந்து தெரியும், அடியில் தரைத்தகடு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். எம்ஜிபியில் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித்தகடுகளும் சேர்ந்துதான் காரின் பலம். அங்கே துரு ஏறினால் போவது அலங்காரம் அல்ல, காரைத் தாங்கும் எலும்பு. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் செலவில் ஒரு பட்டறையே சீல்களை ஆயுள் முழுக்க வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும், கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றதும் வைப்பர் சீல்மீது பழி போட்டுவிடக் கூடாது. எம்ஜிபியில் அந்த ஈரத்துக்குக் குறைந்தது நான்கு மூலங்கள் உண்டு. முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஒன்று. கதவு ரப்பர் மற்றொன்று. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: கண்ணாடிக்கு முன்னால் ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் சல்லடை இருக்கிறது, அதன்வழி விழும் மழைநீரை வெளியேற்ற ஒரு வடிகுழாயும் இருக்கிறது. அந்தக் குழாயின் நுனி ரப்பரில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால், சல்லடைக்குக் கீழேயுள்ள தொட்டி நிரம்பித் தண்ணீர் ஹீட்டர் வழியாக உள்ளே வரும். நான்காவது மழையே அல்ல; ஹீட்டரின் ரேடியேட்டர் கசிவது. அந்த நீர் விரலில் வழவழப்பாக இருக்கும், கூலன்ட் ஊற்றியிருந்தால் லேசான இனிப்பு மணமும் அடிக்கும். மழை பெய்யாத நாளில் ஓட்டிய பிறகு ஈரம் கண்டால் அந்தப் பக்கமே தேட வேண்டும்.

சோதனைக்குப் பொறுமை வேண்டும். தரைவிரிப்பையும் ஃபெல்டையும் எடுத்துவிட்டுத் தகட்டைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். டேஷ்போர்டின் அடியில் எட்டும் இடமெல்லாம் டிஷ்யூ காகிதத்தைச் செருகி வைத்தால் எந்த இடம் முதலில் நனைகிறது என்பது பிறகு தெளிவாகத் தெரியும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்திருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் குழாயில் மெல்லிய நீரை விட வேண்டும். பீய்ச்சி அடிப்பது சோதனை அல்ல, எந்த மழையும் போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைத் தள்ளிவிடும். கீழிருந்து தொடங்கி மேலே போவதே முறை: முதலில் வைப்பர் தண்டுகளின் அடி மட்டும், சில நிமிடம் நிறுத்தி, பிறகு சல்லடை, பிறகு கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, கடைசியில் மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே சமயத்தில் நனைத்துவிடும், எதுவும் தெரியாது. வைப்பர் தண்டில் நீர் விடும்போது முதலில் வைப்பரை ஓட்டாமலும் பிறகு ஓட்டியும் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் ஒழுகினால் குற்றம் வெளி வளையத்தில் இல்லை, தண்டின் தேய்மானத்தில் இருக்கிறது.

கழற்றும் வேலை பேட்டரியிலிருந்து தொடங்குகிறது. எம்ஜிபியில் 1974 வரை இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருந்தன, பிறகு ஒரே பன்னிரண்டு வோல்ட். 1967 வரையிலான கார்களில் உடலோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. எந்தக் காராக இருந்தாலும் எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும் என்பது மாறாது. ஆனால் அதற்கு முன் வைப்பரை ஒரு முறை ஓட்டித் தானாக நிற்கும் இடத்தில் நிற்கவிட்டு, பிளேடுகள் கண்ணாடியில் எங்கே படிந்திருக்கின்றனவோ அங்கே ஒரு துண்டு டேப்பை ஒட்டிவைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

வைப்பர் கை தண்டின் நுனியிலுள்ள நுண்பற்களின்மேல் அழுத்திப் பொருத்தப்பட்டு, ஒரு சிறு ஸ்பிரிங் கிளிப்பால் பிடிக்கப்பட்டிருக்கிறது. கிளிப்பை நெம்பிவிட்டு நேர் மேலாக இழுத்தால் வர வேண்டும். பல ஆண்டு அழுக்கும் துருவும் பிடித்திருந்தால் வராது. அப்போது ஸ்க்ரூடிரைவரைத் தகட்டில் ஊன்றி நெம்பினால் பெயின்ட் போகும், சில சமயம் தகடே குழிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பதும், இருபக்கமும் துணியில் சுற்றிய மரத்துண்டு வைத்துச் சமமாகத் தூக்குவதுமே பாதுகாப்பு. பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி எடுப்பது கெட்ட பழக்கம். அந்த விசை முழுவதும் துத்தநாகக் கழுத்தில் போய்ச் சேரும். வளைந்து கொடுக்கத் தெரியாத உலோகம் அது, விண்டுவிடும்.

பூணின்மேலுள்ள நட்டும் அப்படித்தான். மெல்லியது, குரோம் பூசியது, ஸ்பேனர் ஒருமுறை நழுவினால் அந்த வடு நிரந்தரம். ஆழமான சாக்கெட்டோ வளைய ஸ்பேனரோ கொண்டு, மேலே துணி போர்த்திக் கழற்ற வேண்டும். இறுகியிருந்தால் நெருப்பு காட்டுவது பட்டறை வழக்கம். இங்கே அது கூடவே கூடாது. ஓர் அங்குல தூரத்தில் கண்ணாடி, சுற்றிலும் பெயின்ட், அடியில் வயர்க் கட்டு, கழுத்தோ குறைந்த சூட்டிலேயே இளகும் உலோகம். எண்ணெயும் நேரமும்தான் இங்கே கருவி. நட்டு கழன்றதும் வீல்பாக்ஸ் கீழே விழுந்துவிடாது, கேபிள் குழாய்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சற்றுத் தாழும். கழுத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்தால் திரும்ப மேலே இழுக்க வசதி. வெளி வளையத்தை மட்டும் மாற்றுவதானால் டேஷ்போர்டைத் தொடவே வேண்டியதில்லை. பூணைத் தூக்கி, பழைய ரப்பரை உரித்தெடுத்தால் போதும்.

ரப்பரை எடுத்த பிறகு தெரிவதுதான் இந்த வேலையின் உண்மையான அளவு. பழைய வளையம் தகட்டின்மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததால், அதன் அடியில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். துளையின் விளிம்பு, தொழிற்சாலையில் தகடு வெட்டப்பட்ட பச்சை விளிம்பு என்பதால், அங்கே துரு முதலில் பிடிக்கும். புது ரப்பரை இதன்மேல் வைத்து நட்டை இறுக்கிவிட்டுப் போனவர்களின் கார்கள் இரண்டு மழைக்குப் பிறகு மறுபடி ஒழுகுகின்றன. மேடுபள்ளமான துருவின்மேல் எந்த ரப்பரும் சீராகப் படியாது. தகட்டை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவி, கழுவிக் காயவைத்து, துத்தநாகம் கலந்த பிரைமரும் அதன்மேல் பெயின்டும் அடித்து, அது முழுவதும் இறுகும்வரை விட வேண்டும். துளை விளிம்பின் உட்புறத்தையும் அடிப்புறத்தையும் தூரிகையால் தொட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை இதனால் ஒரு வாரம் இழுக்கும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க மனமில்லாதவர் சீலை மாற்றாமலே இருக்கலாம்; இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த நிலையில் தண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். சிறிதளவு அசைவு இருக்கும். கடகடவென்று ஆடினால் வீல்பாக்ஸை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு மோட்டாரிடமுள்ள குழாய் நட்டைத் தளர்த்தி, மோட்டாரோடு ரேக் கேபிளை உருவ வேண்டும். பிறகு டேஷ்போர்டிலுள்ள மீட்டர்களையோ கையுறைப் பெட்டியையோ கழற்றிக் கை நுழையும் வழி செய்து, வீல்பாக்ஸின் பின்தகட்டு நட்டுகளைக் கழற்றிக் குழாய்களை விடுவிக்க வேண்டும். கை எட்டாத இடத்தில் கண் பாராமல் செய்யும் வேலை. விரல்களுக்குச் சிரமம்தான், அறிவுக்குச் சிரமம் இல்லை.

அவ்வளவு தூரம் போனவர்கள் சேர்த்துச் செய்துவிட வேண்டிய காரியங்கள் உண்டு. வைப்பர் கை அரைவட்டத்துக்கும் குறைவாகவே அசைவதால், வீல்பாக்ஸின் பற்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே தேய்ந்திருக்கும். சக்கரத்தை அரைச் சுற்று திருப்பிப் பூட்டினால் இதுவரை கேபிளைத் தொட்டே இராத பற்கள் வேலைக்கு வரும். வைப்பரின் தள்ளாட்டம் செலவின்றி நீங்கும். கேபிளைத் துடைத்துப் புது கிரீஸ் பூச வேண்டும். மோட்டாரும் கைகளும் இணையாத நிலையில் கேபிளைக் குழாய்க்குள் இழுக்க ஆறு பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது என்றும், குழாயின் எந்த வளைவும் ஒன்பது அங்குல ஆரத்தைவிட நெருக்கமாக இருக்கக் கூடாது என்றும் பட்டறைக் கையேடு சொல்கிறது. சிறிய ஸ்பிரிங் தராசைக் கேபிளின் நுனியில் மாட்டி இழுத்தாலே இதைச் சோதித்துவிடலாம். வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்று மோட்டாரை மாற்றியவர்களில் பலருக்கு உண்மையான குற்றம் நசுங்கிய குழாயிலோ கோணலாக உட்கார்ந்த வீல்பாக்ஸிலோதான் இருந்திருக்கும்.

புது வளையம் எந்தப் பொருளில் செய்தது என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய கார்களுக்கென்று சந்தைக்கு வரும் ரப்பர்களில் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. விலை குறைந்தவை இயற்கை ரப்பர் அதிகம் கலந்தவை; சில ஆண்டுகளில் வெடிக்கும். ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை, ஆகவே ஓசோனுக்கு அங்கே பிடி கிடைக்காது. இன்றைய கார்களின் கதவு ரப்பர்கள் பெரும்பாலும் அதனால்தான் செய்யப்படுகின்றன. நியோப்ரீன் அதற்கு அடுத்தபடி. எண்ணெய் தாங்கும் என்று பெயர்பெற்ற நைட்ரைல் இந்த இடத்துக்குப் பொருந்தாது; ஓசோனிடம் அது தோற்றுவிடும். அசல் பாகமே வேண்டும் என்று பழைய கடைகளில் திறக்காத பொட்டலங்களைத் தேடி வாங்குவதிலும் பொருள் இல்லை. அறுபதுகளில் செய்த ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். வடிவம் அசலாக இருக்கட்டும், பொருள் இன்றையதாக இருக்கட்டும்.

பொருத்தும்போது சீலுக்கு மசகு வேண்டும். ஆனால் கைக்குக் கிடைத்த கிரீஸ் கூடாது. சாதாரண கிரீஸிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரையும் ஈபிடிஎம்மையும் ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கோன் கிரீஸ், அல்லது பிரேக் வேலைக்குப் பயன்படும் ஆமணக்கெண்ணெய் சார்ந்த சிவப்பு ரப்பர் கிரீஸ் இரண்டுமே பொருந்தும். தண்டுக்கும் கழுத்துக்கும் இடையிலும் அதையே விட்டுவிட்டால் இரண்டாவது வழியும் ஓரளவு அடைபடும். பூணின் தடித்த பக்கம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வைத்து, நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ரப்பரின் விளிம்பு பூணுக்கு வெளியே லேசாகப் பிதுங்கத் தொடங்கும்வரை மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். மேலும் இறுக்கினால் ரப்பர் வழுக்கி வெளியேறும், அல்லது உள்ளுக்குள் கிழியும். பலம் கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் இந்த இடத்தில் நேர் எதிராக வேலை செய்கிறது.

இவ்வளவும் எதற்கு, பூணைச் சுற்றி சிலிக்கோன் பசையைப் பிதுக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் எல்லா ஊர்ப் பட்டறையிலும் இருக்கிறார்கள். போதாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசைகளில் பல இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. வினிகர் போன்ற அந்த நெடியே அடையாளம். அது இரும்பையும் துத்தநாகத்தையும் அரிக்கும். அதோடு, பசை பூணின் வெளிவிளிம்பை மூடிவிடும், தண்டு வழியே இறங்கும் நீரைத் தடுக்காது. ஏற்கெனவே உள்ளே போன ஈரமும் வெளியேற வழியின்றித் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். பின்னொரு நாள் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் சிலிக்கோனின் மிச்சம் பெயின்டை ஒட்டவிடாமல் குழிகுழியாக விலக்கும். கூடுதல் காப்பு வேண்டுமென்றே நினைப்பவர் ரப்பருக்கு அடியில் இறுகாத பியூட்டைல் மாஸ்டிக்கை மெல்லிய இழையாக வைக்கலாம். கழற்ற வேண்டிய நாளில் அது சுத்தமாக வந்துவிடும்.

கைகளைப் பூட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, வெறும் தண்டுகளோடு வைப்பரை ஓட்டித் தானாக நிற்கவிட வேண்டும். பிறகே கைகளை டேப் அடையாளத்துக்கு நேராக வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடியை நனைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கையில் பிளேடுகள் கண்ணாடிச் சட்டத்தையோ ஒன்றையொன்றையோ தொட்டால், கையை எடுத்து ஒரு பல் தள்ளிப் போட்டால் சரியாகும். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்ப்பது மோட்டாருக்கும் புதிதாகப் பொருத்திய தண்டுக்கும் வீண் சுமை.

எம்ஜிபியைப் பற்றிச் சொன்னது மோரிஸ் மைனருக்கும் மினிக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனர்களில் இருப்பதும் இதே ரேக் கேபிளும் வீல்பாக்ஸும்தான். அந்த லூக்காஸ் நிறுவனம் 1961இல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து லூக்காஸ் டிவிஎஸ்ஸை உருவாக்க, சென்னை பாடியில் எழுந்த ஆலை இந்தியக் கார்களுக்கு மின்பாகங்களைச் செய்யத் தொடங்கியது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வேறு வகை: ரேக் கேபிள் இல்லை, மோட்டாரிலிருந்து இணைப்புக் கம்பிகள் தண்டுகளைத் திருப்புகின்றன. ஆனாலும் தகட்டைத் துளைத்து வரும் தண்டும், அதன்மேல் நட்டும், அடியில் ரப்பரும் அங்கேயும் உண்டு. துரு சுரண்டுவது, ரப்பரைத் தேர்வது, அளவோடு இறுக்குவது மூன்றும் எந்தக் காருக்கும் ஒன்றே.

புது ரப்பர் முதல் சில வாரங்களில் நசுங்கிப் படியும்; அப்போது நட்டு சற்றே தளர்ந்திருக்கும். கைகளைக் கழற்றி ஒரு கால் சுற்று இறுக்கிவிட வேண்டும். அதன்பின் வரும் முதல் பெருமழைக்கு மறுநாள் தரைவிரிப்பைத் தூக்கி, ஃபெல்டின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. மாற்றிய தேதியைக் காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.